ஈரக்காற்றில் ஒரு லேசர் பிரிண்டர்

சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஓர் ஏ4 பக்கம் சுமார் 4.7 கிராம் இருக்கும். ஆலையில் உறைபோட்டு வரும்போது அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர். அதே தாளை மழைக்கால இரவொன்றில் அந்தமானின் கராச்சர்மாவில் உறை பிரித்து மேசைமேல் விட்டுவைத்தால், விடிவதற்குள் அது பத்துப் பங்கை நெருங்கிவிடும். ஒரு ரீம் முழுவதும் இப்படி ஈரம் குடித்தால், 500 தாள்களுக்குள் கூடுதலாக நூறு கிராமுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். தொட்டுப் பார்த்தால் தாள் காய்ந்ததாகவே தோன்றும். பிரிண்டருக்குள் போனதும் வித்தியாசம் வெளிப்படும்.

அந்தமானில் எந்த பிரிண்டர் வாங்கலாம், எப்படிப் பராமரிக்கலாம், எப்படிச் செலவைக் குறைக்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கம்பெனி, மாடல், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

கராச்சர்மா தென் அந்தமானில், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று பெயர் கொண்டிருந்த ஸ்ரீ விஜயபுரத்தை ஒட்டிய ஊர். 1978இல் தொடங்கப்பட்டு இன்று மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் ஐ.சி.ஏ.ஆர். நிறுவனம் இருப்பது இங்கேதான். சென்னைத் துறைமுகத்திலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலில் மூன்று நாள். தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் பெய்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். லேசர் பிரிண்டர்களின் கையேட்டில் இயங்குசூழல் என்றொரு பகுதி உண்டு. அதில் அனுமதிக்கப்பட்ட ஈரப்பதத்தின் மேல் எல்லையாகப் பெரும்பாலும் 80 சதவீதம் என்றுதான் போட்டிருப்பார்கள். நன்றாக வேலை செய்யும் என்று அவர்கள் பரிந்துரைக்கும் அளவு அதற்கும் கீழே. மழைக்காலத்தில் இந்த ஊர் அலுவலகங்கள் அந்த எல்லைக்கு வெளியேதான் அச்சடித்துக்கொண்டிருக்கின்றன.

இது சின்ன விஷயம் அல்ல. வட அந்தமானில் உள்ள டிக்லிப்பூரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சாலை வழியே ஒரு சான்றிதழுக்காக வந்தவரிடம், பிரிண்டர் சரியில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்வதன் விலை என்ன என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

லேசர் பிரிண்டரின் அடிப்படை மை அல்ல, நிலைமின்சாரம். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகடு ஒன்றைத் துணியால் அழுத்தித் தேய்த்து அதில் மின்னேற்றம் உண்டாக்கினார்கள். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். ஒளி விழுந்த இடங்களில் மின்னேற்றம் வடிந்துபோக, எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் அது தங்கியது. லைக்கோபோடியம் என்ற நுண்தூளைத் தூவி ஊதியபோது எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் ஒட்டி நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றியெடுத்தார்கள். 1959இல் ஜெராக்ஸ் 914 இயந்திரமாகச் சந்தைக்கு வந்தது இந்த முறைதான். ஜெராக்ஸில் பணியாற்றிய கேரி ஸ்டார்க்வெதர், விளக்குக்குப் பதில் லேசர் கதிரால் எழுதலாம் என்ற எண்ணத்தை 1960களின் கடைசியில் முன்வைத்தார். 1984இல் கேனன் செய்த உள்ளியந்திரத்தோடு எச்.பி. லேசர்ஜெட் வந்தபின் அது மேசைக்கு மேலேயே ஏறிவிட்டது.

இன்றைய கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பச்சை அல்லது நீல நிற டிரம் அன்றைய கந்தகத் தகட்டின் வாரிசு. அதன் மேற்பரப்பில் பல நூறு வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் பரவுகிறது. லேசர் தொட்ட புள்ளிகளில் அது வடிகிறது. அந்தப் புள்ளிகளில் டோனர் வந்து ஒட்டுகிறது. டோனர் என்பது ஐந்து முதல் பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் தூள். அதற்குள் கரியும் கொஞ்சம் மெழுகும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் வேதிப்பொருளும் கலந்திருக்கும். டிரம்மிலிருந்து அதைத் தாளுக்கு இழுப்பதும் மின்சாரம்தான். தாளின் முதுகுப்பக்கம் உள்ள டிரான்ஸ்பர் ரோலர் எதிர் மின்னேற்றத்தைக் கொடுக்க, தூள் தாளுக்குத் தாவுகிறது. பிறகு 200 டிகிரி செல்சியஸ் வரை சூடான பியூசர் உருளைகளுக்கு நடுவே தாள் நசுங்கிச் செல்லும்போது பிளாஸ்டிக் உருகி இழைகளோடு ஒட்டிக்கொள்கிறது.

இந்த வழியில் தண்ணீர் மூன்று இடங்களில் குறுக்கே நிற்கிறது. டோனர் தன் மின்னேற்றத்தைப் பெறுவது உராய்வால். ஈரக்காற்றில் அது முழுமையாக ஏறுவதில்லை, ஏறியதும் கசிகிறது. சரியாக மின்னேறாத துகள் எங்கே போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை இழந்து வெள்ளைப் பகுதியிலும் படிகிறது. பக்கம் முழுக்க மங்கலான சாம்பல் பூச்சு தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது இடம்தான் பணத்தை விழுங்குவது. காய்ந்த தாள் மின்சாரத்தைக் கடத்தாது. ரோலர் கொடுத்த மின்னேற்றத்தைத் தன் முதுகில் வைத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய தாள் கடத்தத் தொடங்கிவிடும். வறண்ட காற்றிலிருந்து 80 சதவீத ஈரக்காற்றுக்கு வந்தால் தாளின் மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. மின்னேற்றம் தாளின் ஓரம் வழியாகவும் அது உரசிச் செல்லும் உலோகப் பாகங்கள் வழியாகவும் ஓடிப்போகிறது. டிரம்மில் இருக்கும் டோனரை இழுக்கப் போதிய வலு இல்லை. எழுத்து வெளிறி, திட்டுத்திட்டாக வருகிறது. உடனே எல்லோரும் எடுக்கும் முடிவு, டோனர் தீர்ந்துவிட்டது என்பது. பாதி நிறைந்த கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். அதே ஈரத்தாள் அதிலும் ஓடுகிறது. புதிய கார்ட்ரிட்ஜும் போலி என்ற பழியைச் சுமக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. டிரேயில் இருக்கும் தாளை எடுத்துவிட்டு, உறை பிரிக்காத ரீம் ஒன்றைத் திறந்து அதிலிருந்து பத்துத் தாள் வைத்து அதே பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். கறுப்பு திரும்பிவிட்டால் குற்றவாளி தாள். திரும்பாவிட்டால்தான் கார்ட்ரிட்ஜைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் டோனர் கேட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று ஓர் உத்தரவே போடலாம்.

மூன்றாவது இடம் பியூசர். ஐந்து பங்கு கூடுதல் ஈரம் என்பது ஒரு தாளில் கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். அது முழுவதும் ஆவியாக வேண்டுமானால் 500 ஜூலுக்கு மேல் வெப்பம் தேவை. டோனரை உருக்க வேண்டிய வெப்பம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதில் போய்விட்டால் எழுத்து சரியாக ஒட்டாது. விரலால் தேய்த்தால் கையோடு வரும். ஆவியில் ஒரு பகுதி வெளியேறும் வாயிலில் புகைபோலத் தெரியும். பயந்துபோய் பிளக்கைப் பிடுங்குபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நீராவிதான். மீதி, இயந்திரத்தின் குளிர்ந்த பாகங்களில் பனிபோலப் படிந்து ரோலர்களை வழுக்கச் செய்கிறது. தாள் சிக்குகிறது.

தாள் சுருள்வதும் இதே கதைதான். தாளின் இழைகள் ஈரம் குடித்தால் நீளத்தில் அதிகம் மாறுவதில்லை, பருமனில்தான் வீங்கும். இழைகளில் பெரும்பாலானவை ஆலை இயந்திரம் ஓடிய திசையில் படுத்திருப்பதால், தாள் ஒரு திசையில்தான் அதிகம் விரிகிறது. திறந்து கிடக்கும் ரீமில் ஓரங்கள் மட்டும் முதலில் ஈரமாகி அலையலையாக நெளியும். அது உள்ளே போனால் மடிப்பு விழுந்து வரும். பியூசரில் ஒரு பக்கம் அதிகமாகக் காய்ந்தால் அந்தப் பக்கமாகச் சுருளும். பல பிரிண்டர்களின் அமைப்புகளில் சுருளைக் குறைப்பதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. பியூசரின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து அச்சிடும் தேர்வு அது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஏசி அறையில் வைத்தால் சரியாகிவிடுமா? பகலில் ஆகும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது. ஆனால் மாலையில் அதை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கும் பழக்கத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை சுமார் 27 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள்மேல் அந்தக் காற்று பட்டாலும் தண்ணீர் படியும். 24 டிகிரியில் நாள் முழுக்க இருந்த பிரிண்டரின் கண்ணாடிகளும் டிரம்மும் ரோலர்களும் அதைவிடக் குளிர்ந்தவை. மின்தடை வந்து ஏசி நின்றதும் கதவு ஜன்னல்களைத் திறந்தால் நடப்பதும் இதுதான். இயந்திரத்தை உறைபோட்டு மூடி, அறையை மூடியபடியே மெல்லச் சூடேற விடுவது நல்லது. பனி படிந்துவிட்டது என்று தோன்றினால் ஒன்றிரண்டு மணி நேரம் பொறுத்துத்தான் இயக்க வேண்டும்.

தாளைக் காப்பது இயந்திரத்தைக் காப்பதைவிட எளிது, மலிவு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் செய்யும் தாளாக இருந்தாலும் வேறெந்த ஆலையின் தாளாக இருந்தாலும், ரீமைச் சுற்றியிருக்கும் உறையின் உட்பக்கம் ஈரம் புகாத பூச்சு இருக்கும். அழகுக்காகப் போட்டதல்ல அந்த உறை. ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் டிரேயில் வைத்துவிட்டு மிச்சத்தை உறையோடு மடித்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடலாம். மாலையில் டிரேயில் மிஞ்சியதும் அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். கப்பலில் வந்திறங்கிய பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ அடுக்கக் கூடாது. பலகைமேல் வைத்து, உறையைப் பிரிக்கும் முன் ஒரு நாள் அலுவலக அறையின் வெப்பத்துக்குப் பழகவிட வேண்டும்.

கேமராவைப் பூஞ்சையிலிருந்து காக்கக் கடலோர ஊர்களில் பீரோவுக்குள் சிறு குண்டு பல்பு எரியவிடும் பழக்கம் உண்டு. அதற்குப் பின்னால் திடமான இயற்பியல் இருக்கிறது. 30 டிகிரியில் 85 சதவீத ஈரம் கொண்ட காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள தண்ணீர் ஒரு துளியும் குறையாமலே ஈரப்பதம் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் தாளுக்குள் போக வேண்டிய அவசரம் தண்ணீருக்குக் குறைகிறது. தாள் பீரோவுக்கும் இது பொருந்தும். எல்.இ.டி. பல்பு போதிய வெப்பம் தராது. குண்டு பல்பு போடுவதானால் அது தாளைத் தொடாமல் கம்பிக்கூண்டுக்குள் இருக்க வேண்டும்.

கடற்காற்றின் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மின்சுற்றுப் பலகையில் படிந்த உப்புத்தூசி வேனிலில் வெறும் தூசி. மழைக்காலத்தில் அது மின்சாரம் கடத்தும் திரவம், செம்பை அரிக்கும் திரவம். ஆகவே ஜன்னல் ஓரம் வேண்டாம். தூசி தட்டுவது மழை தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டும், முடிந்த பிறகு அல்ல. தாளை இழுக்கும் பிக்கப் ரோலரைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்தாலே தாள் சிக்கும் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

இங்க்ஜெட்டின் நிலை இதற்கு நேர்மாறாக இருப்பது ஆச்சரியம் தரும். அதன் நுண்துளைகள் அடைபடுவது மையிலுள்ள தண்ணீர் உலர்ந்துபோவதால். ஈரக்காற்றில் மை மெதுவாகத்தான் உலரும். அதனால் ராஜஸ்தானில் அடைபடும் அளவுக்கு அந்தமானில் அடைபடாது. தாளின் மின்தடை பற்றியும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் ஈரத்தாளில் மை இழையோடி எழுத்தின் ஓரம் பிசிறும். இன்னொன்று, மையில் இரண்டு வகை உண்டு. கரைந்த சாயத்தால் ஆன டை மை, தண்ணீர் பட்டால் ஓடும். நுண்துகள் மிதக்கும் பிக்மென்ட் மை அவ்வளவு எளிதில் ஓடாது. டேங்க் பிரிண்டர்கள் சிலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், வண்ணங்கள் டை. சிலவற்றில் நான்குமே டை. மழையில் நனைந்தபடி சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஊரில் இதைக் கேட்காமல் வாங்குவது தவறு. டோனரோ உருகிய பிளாஸ்டிக். நனைந்தாலும் எழுத்து நிற்கும்.

மின்சாரமும் கணக்கில் வரும். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் டீசலில் இருந்து வருகிறது. கராச்சர்மாவில் என்.டி.பி.சி.யின் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருப்பது நல்ல தொடக்கம்தான். பியூசர் சூடாகும் கணத்தில் லேசர் பிரிண்டர் ஆயிரம் வாட் வரை இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூ.பி.எஸ்.ஸில் அதை மாட்டவே கூடாது. இங்க்ஜெட் பத்துப் பதினைந்து வாட்டில் வேலையை முடித்துவிடும். மின்தடையிலும் ஓட வேண்டிய கவுன்டருக்கு இது பெரிய விஷயம். ரசீதும் பதிவேடும் மட்டும் அடிக்கும் இடங்களில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் டாட் மேட்ரிக்ஸ் போன்ற பழைய இயந்திரங்களைக் கழித்துக்கட்ட நான் அவசரப்பட மாட்டேன். ஊசி ரிப்பனை அடித்து எழுதும் முறையில் ஈரத்துக்குச் செய்ய அதிகம் இல்லை.

இனி பணம். ஒரு கறுப்பு டோனர் கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் தரும் என்பதை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்ற தரநிலையின்படி அளக்கிறார்கள். சோதனைப் பக்கத்தில் டோனர் படியும் பரப்பு ஏறத்தாழ ஐந்து சதவீதம்தான். இந்தியா முழுக்கப் பரவிய எச்.பி. 12ஏ 2,000 பக்கம். 88ஏ 1,500 பக்கம். எப்சன் 003 கறுப்பு மை பாட்டில் 65 மில்லிலிட்டர், 4,500 பக்கம். நிரம்ப எழுத்துள்ள அரசாணை அடித்தால் இவையெல்லாம் குறையும். கணக்குக்காக இரண்டு பிரிண்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 9,000 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகிறது. மற்றொன்று 15,000 ரூபாய், பக்கத்துக்கு 1 ரூபாய். மாதம் ஆயிரம் பக்கம் அடித்தால் ஆறே மாதத்தில் இரண்டும் சமமாகிவிடும். மூன்று ஆண்டில் முதலாவதற்கு 81,000 ரூபாய், இரண்டாவதற்கு 51,000. ஈரத்தால் பத்தில் ஒரு பக்கம் வீணானால் அச்சுச் செலவு இன்னும் ஏறத்தாழ பதினோரு சதவீதம் ஏறும். தாள் செலவு தனி. மாதம் நூறு பக்கம் கூட அடிக்காத இடத்தில் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே முதல் பிரிண்டரே போதும்.

ரீஃபில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், தூளை அறிந்து செய்தால். ஒவ்வொரு மாடலின் டோனருக்கும் உருகும் வெப்பம் வேறு, மின்னேற்றப் பண்பு வேறு. எந்தத் தூளையோ நிரப்பினால் அது பியூசரில் சரியாக உருகாது, அல்லது ஈரக்காற்றில் மின்னேற்றத்தை இழந்து பக்கத்தைச் சாம்பலாக்கும். நிரப்பும்போது கழிவுத் தூள் சேரும் அறையைக் காலிசெய்து, டிரம்மை வழித்துவிடும் பிளேடைப் பார்க்க வேண்டும். சில முறை நிரப்பிய பின் டிரம்மே தேய்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் தூள் மட்டும் மாற்றிப் பயனில்லை. பிரதர் போன்ற சில கம்பெனிகள் டிரம்மையும் டோனரையும் தனித்தனியாக வைத்திருப்பதால் எது தேய்ந்ததோ அதை மட்டும் மாற்ற முடிகிறது. கடல்தாண்டிப் பொருள் வரவேண்டிய ஊருக்கு இந்தப் பிரிப்பு உதவும். சிந்திய தூளை விளக்குமாறால் கூட்டினால் காற்றில் கிளம்பி மூச்சில் போகும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வெந்நீர் பட்டால் தூள் இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

கையிருப்பு எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு சுருக்கமான வழி: பொருள் கேட்ட நாளிலிருந்து கைக்கு வர ஒரு மாதம் ஆகுமானால், இரண்டு மாதத்துக்கான டோனர் இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டுவிட வேண்டும். கப்பல் தாமதமாகலாம், புயல் வரலாம். அதற்குமேல் குவிப்பதும் நல்லதல்ல. திறந்த மை பாட்டில் மாதக்கணக்கில் நிற்காது, டோனருக்கும் காலாவதி உண்டு. ஓர் அலுவலகத்தில் ஐந்து மாடல் பிரிண்டர் இருந்தால் ஐந்து வகை கையிருப்பு வேண்டும். ஒரே மாடலை எல்லா மேசைக்கும் வாங்குவதுதான் தீவில் கிடைக்கும் மிகப் பெரிய சிக்கனம்.

அரசு அலுவலகங்கள் 2016இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தை வழியே வாங்குகின்றன. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கு ஆர்டர் போகிறது. இயந்திரத்தின் விலையை மட்டும் ஒப்பிட்டால் மேலே சொன்ன 9,000 ரூபாய் பிரிண்டர்தான் ஒவ்வொரு முறையும் வெல்லும். அடுத்த மூன்று ஆண்டுக்கு அதன் கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கட்டுவது பொதுமக்கள். மூன்று ஆண்டுக்கான பக்கங்களின் டோனர், டிரம் விலையையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ஈரப்பதத்தின் மேல் எல்லை 80 சதவீதத்துக்குக் குறையாத மாடல்கள் மட்டும், பழுது பார்ப்பவர் ஸ்ரீ விஜயபுரத்திலேயே இருக்க வேண்டும், ரீஃபிலைத் தடுக்கும் சிப் பூட்டு கூடாது என்பவையும் நிபந்தனைகளில் இடம்பெற வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள், கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்திருக்கின்றன. தீவில் குவியும் காலிக் கார்ட்ரிட்ஜ்களை, புதிய சரக்கை இறக்கும் அதே நாளில் எண்ணி வாங்கிக்கொண்டு மறு கப்பலில் ஏற்றுவது விற்பவரின் வேலை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால், அந்தப் பொறுப்பு கராச்சர்மா வரைக்கும் வந்து சேரும்.